வைகையும் அதன் வடிநிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் புவியியல் பாடம் நடத்துகிறேன். வருடம் ஒரு தடவையாவது பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போவது வழக்கம். யானைக்கல் பாலத்தில் நின்று கீழே பார்த்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய வருடா வருடம் ஒன்றேதான். அவர்களின் பெற்றோரும், பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஒன்றின் பதில் அடுத்ததற்கு வேண்டியிருக்கும், அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

ஆறுன்னு சொன்னாப் போதாதா சார்? வடிநிலம்னு தனியா எதுக்கு?

ஒரு செய்தித்தாளைக் கசக்கி, பாதி பிரித்து மேசைமேல் வையுங்கள். கையில் தண்ணீர் எடுத்து மேலே தெளியுங்கள். ஒவ்வொரு துளியும் தன் பக்கத்துப் பள்ளத்துக்கு இறங்கும். ஒரே பள்ளத்தில் வந்து சேர்ந்த துளிகள் எந்தெந்த இடத்தில் விழுந்தனவோ, அந்த இடம் முழுவதும் அந்தப் பள்ளத்தின் வடிநிலம். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் மடிப்புதான் நீர்ப்பிரிமேடு. அதன் ஒரு பக்கம் விழுந்த துளிக்கு ஓர் ஆறு, மறுபக்கம் விழுந்ததற்கு வேறு ஆறு.

வைகை 258 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் வடிநிலம் ஏறக்குறைய 7,000 சதுர கிலோமீட்டர். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று நீளவாக்கில் கிடக்கிறது, முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. பாலத்துக்குக் கீழே தெரிகிற மணலை மட்டும் வைகை என்று நினைத்தால் அடுத்து வரும் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது. ‘படுகை’ என்ற சொல்லை ஆற்றின் தரைக்கும் சொல்கிறார்கள், வடிநிலத்துக்கும் சொல்கிறார்கள். குழப்பம் வராமல் இருக்க, இங்கே தரையை மட்டும் படுகை என்கிறேன்.

வைகை எங்க பொறக்குது? நதிமூலம் பார்க்கக் கூடாதுன்னு வேற சொல்றாங்க.

பார்க்கலாம், தப்பில்லை. தேனி மாவட்டத்தின் தெற்கே, மேகமலையை ஒட்டிய வருசநாட்டு மலைகளில் பிறக்கிறது. வாலிப்பாறை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக இறங்கி வரும் அந்த ஆற்றை அந்தப் பக்கத்தில் ‘மூல வைகை’ என்றே சொல்வார்கள். அந்தக் காடுகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. புலிக்காகக் காடு காக்கப்படும்போது நம் ஊற்றுக்கண்ணும் சேர்ந்து காக்கப்படுகிறது. அந்த அறிவிப்பு வந்தபோது நான் மகிழ்ந்ததற்கு அதுதான் காரணம்.

மூல வைகை வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. கோடையில் அங்கே போனால் வெறும் மணல்தான். ஆனால் மணலில் முழங்கை ஆழத்துக்குக் கையால் தோண்டினால் குழியில் மெதுவாகத் தண்ணீர் ஊறும். முதலில் கலங்கலாக இருக்கும். அதைச் சிரட்டையால் மொண்டு ஊற்றிவிட்டால் இரண்டாவது தடவை ஊறுவது தெளிவாக இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் சத்தமே போடாமல் உட்கார்ந்துவிடுவார்கள். மேலே காய்ந்த ஆறு கீழே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மணலை அள்ளிவிட்டால் ஊற்றும் போய்விடும்.

மேப்புல பார்த்தா ஆறு வடக்கே போய், அப்புறம் தெற்கே திரும்புது. ஏன் நேரா மதுரைக்கு வரல?

மலை வழிவிடவில்லை. வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கு மேற்கே மேகமலை, கிழக்கே ஆண்டிபட்டி மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் ஆறு வடக்கே போவதைத் தவிர வழியில்லை. தேனிப் பக்கம் வந்து, பழனி மலையின் அடிவாரச் சரிவை எதிர்கொண்டதும் கிழக்கே திரும்புகிறது. பிறகு நாகமலைக்கும் சிறுமலைக்கும் இடையில் இருக்கிற வாசல் வழியாகச் சமவெளிக்கு இறங்கி, தென்கிழக்காகச் சோழவந்தான், மதுரை, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று போகிறது.

முல்லையாறு, சுருளியாறு, பெரியாறு எல்லாம் ஒண்ணுதானே?

முல்லையாறும் சுருளியாறும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். மேகமலைக்கு மேற்கே, வருசநாட்டுக்கு இணையாக ஓடும் பள்ளத்தாக்கு அது. குமுளி அடிவாரத்திலிருந்து வருவதை முல்லையாறு என்றும், சுருளி அருவிப் பக்கத்திலிருந்து வருவதைச் சுருளியாறு என்றும் சொல்வார்கள். ஒன்றாகச் சேர்ந்து, போடி மலையிலிருந்து வரும் கொட்டக்குடி ஆற்றையும் தேனிக்குப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு மூல வைகையில் கலக்கின்றன. வடக்கே கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து பெரியகுளம் வழியாக வராக நதி, தேவதானப்பட்டிப் பக்கமாக மஞ்சளாறு, அய்யம்பாளையம் பக்கமாக மருதாநதி. வைகையின் பெரிய துணையாறுகள் எல்லாமே மதுரைக்கு மேற்கேதான் இருக்கின்றன. சமவெளிக்கு வந்தபின் ஆற்றுக்குக் கொடுப்பவர்கள் குறைவு, எடுப்பவர்கள்தான் அதிகம்.

பெரியாறு இந்தக் குடும்பமே இல்லை. அது வேறு வடிநிலம். கேரளத்தில் மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய ஆறு.

மேற்குத் தொடர்ச்சி மலையில பொறந்தும் ஏன் இப்படிக் காய்ஞ்சு கிடக்கு?

மலையின் எந்தப் பக்கம் பிறந்தது என்பதுதான் கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கச் சரிவில் ஏறும்போதே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுகிறது. மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குவது சாரலும் காற்றும்தான். ஜூலையில் கம்பம் போனவர்களுக்குத் தெரியும்: மலை உச்சியில் மேகம் கட்டி நிற்கும், கீழே காற்று ஆளைத் தள்ளும், தரை காய்ந்திருக்கும். இதுதான் மழைமறைவுப் பகுதி.

நமக்கு முக்கியமான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. வடிநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி சில வாரங்களில் சில நாட்களில் பெய்துவிடும். இப்படிப்பட்ட ஆறு வருடம் முழுக்க ஓடாது. வைகை வற்றிப்போன ஆறு என்று சொல்லும்போது எனக்கு வருத்தம் வருவது அதனால்தான். அது இயல்பிலேயே பருவத்தில் ஓடுகிற ஆறு. அதற்கேற்ற ஏற்பாட்டை நம் முன்னோர் செய்து வைத்திருந்தார்கள் (கண்மாய் பற்றிய கேள்வியைப் பாருங்கள்).

அப்போ பெரியாத்துத் தண்ணி எப்படி வைகைக்கு வருது?

செய்தித்தாள் மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மடிப்பின் மறுபக்கம் பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கி, மடிப்பைத் துளைத்து இந்தப் பக்கம் விட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இந்த யோசனையை ஆராய ஆள் அனுப்பினார். செலவு தாங்காது என்று நின்றுபோனது. பிறகு 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 வருடக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் வேலை நடந்து, 1895-இல் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டது.

அணைக்கு மேலே மழை பிடிக்கும் பரப்பு சுமார் 624 சதுர கிலோமீட்டர். வைகை வடிநிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் மழை கொட்டுகிற பக்கம். அந்தத் தண்ணீர் நீர்ப்பிரிமேட்டைக் குடைந்த சுமார் ஒரு மைல் சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு, முல்லையாற்றில் விழுகிறது. அணையில் 104 அடிக்கு மேல் இருக்கும் தண்ணீர்தான் இந்தப் பக்கம் வர முடியும், அதற்குக் கீழே சுரங்க வாய்க்கு எட்டாது. ‘142 அடி’ என்று செய்தியில் வரும்போது 142 அடித் தண்ணீரும் நமக்கு என்று நினைக்க வேண்டாம்.

வைகை அணை 111 அடிங்கிறாங்க. 71 அடியிலயே ‘நிரம்பியது’ன்னு போடுறாங்களே?

111 அடி அணைக்கட்டின் உயரம். தண்ணீர் தேக்கும் அளவு 71 அடி. இரண்டும் வேறு வேறு அளவு. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அணை 1959 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது.

நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதுவார்கள். ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் தகவல் போகும். மூன்றாவது எச்சரிக்கை வந்துவிட்டால், மதுரையில் ஆற்றுக்குள் மாடு கட்டியிருப்பவர்கள் அவிழ்த்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அணை நிறைஞ்சு கிடக்கு, மதுரையில மட்டும் ஏன் மணல்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. அணைத் தண்ணீர் ஆற்றில் வந்தாலும் மதுரைக்கு முன்பே அணைப்பட்டிக்கு அருகில் பேரணை இருக்கிறது. பாசனத் தண்ணீர் அங்கே பெரியாறு பிரதானக் கால்வாய்க்கும் திருமங்கலம் பிரதானக் கால்வாய்க்கும் திரும்பிவிடும். ஆற்றில் அடுத்து இருக்கும் சிற்றணையிலிருந்து தென்கரைக் கால்வாய் பிரியும். கால்வாய்த் தண்ணீரில் பாயும் நிலத்தை ஆயக்கட்டு என்பார்கள். வருடம் இரண்டு தடவை விளையும் இருபோக ஆயக்கட்டு மட்டும் 45,041 ஏக்கர். ஒருபோகம் பெரியாறு, திருமங்கலம் இரண்டு கால்வாய்க்கும் சேர்த்து 1,05,002 ஏக்கர். மதுரைப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தெரியாத நாளிலும், பாலத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி அதே தண்ணீர் வயலில் நிற்கும்.

ஆற்றிலேயே தண்ணீர் விடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்கு: கீழே இருக்கும் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களுக்கு, குடிநீருக்கு, சித்திரையில் அழகர் இறங்குவதற்கு. அழகருக்காகத் திறந்தாலும் உடனே மதுரைக்கு வந்துவிடாது. காய்ந்த மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். தண்ணீரின் முன்நுனி மணலில் நுரை கட்டி, குப்பையைத் தள்ளிக்கொண்டு, நடந்து வருகிற வேகத்தில் வரும். அந்த முன்நுனியை ஒரு தடவையாவது கரையில் நின்று பாருங்கள்.

மற்ற நாட்களில் நகரத்துக்குள் தெரியும் தண்ணீர் பெரும்பாலும் சாக்கடை. ஆகாயத்தாமரை அதை நம்பித்தான் தழைக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இடது கரை, வலது கரைன்னு சொல்றாங்களே, எந்தப் பக்கம் நின்னு பார்க்கணும்?

தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடது கை இடது கரை. மதுரையில் அது செல்லூர், கோரிப்பாளையம் பக்கம். மீனாட்சி கோயில் வலது கரையில். ஊரில் வடகரை, தென்கரை என்பார்கள். ஆறு திரும்பும் இடங்களில் அந்தப் பெயர் பொருந்தாமல் போகும், இடது வலது மாறாது.

மேலூரும் திருமங்கலமும் வைகைத் தண்ணியிலதான் பாயுது. அப்போ அதுவும் வைகை வடிநிலம்தானே?

நன்றாக யோசிப்பவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். ஆயக்கட்டு வேறு, வடிநிலம் வேறு. ஆயக்கட்டு என்பது கால்வாய் தண்ணீர் கொடுக்கும் நிலம். வடிநிலம் என்பது பெய்த மழை வடிந்து வரும் நிலம். திருமங்கலம் பக்கத்தில் பெய்யும் மழை தெற்கே குண்டாற்றுக்கு வடிகிறது. மேலூர்ப் பக்கத்து மழை பெரும்பாலும் கிழக்கே திருமணிமுத்தாற்றை நோக்கிப் போகிறது. கால்வாய் மேட்டோரமாகவே போய் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இப்போது பெரியாற்றையும் சேர்த்துப் பாருங்கள். தேக்கடியில் விழுந்த ஒரு துளி, பெரியாற்று வடிநிலத்தில் பிறந்து, சுரங்கம் வழியாக வைகை வடிநிலத்துக்கு வந்து, திருமங்கலம் கால்வாயில் ஏறிக் குண்டாற்று வடிநிலத்தில் ஒரு நெல்வயலில் முடிகிறது. மூன்று வடிநிலம். இதைக் கரும்பலகையில் வரையும்போது எனக்கு இன்றைக்கும் உற்சாகம் குறைவதில்லை.

வைகை கடல்ல கலக்காதாமே, உண்மையா?

பாதி உண்மை. கடல் சிவனுக்கு நஞ்சு கொடுத்தது, அதனால் வைகை அதற்குள் போக மறுக்கிறது என்று ஒரு பழம்பாட்டு உண்டு. பாட்டு எழுதிய காலத்திலேயே ஆற்றுத் தண்ணீர் வழியில் தீர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். விரகனூர் மதகணையிலும் பார்த்திபனூர் மதகணையிலும் இரண்டு பக்கமும் கால்வாய்கள் பிரிகின்றன. மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்புகிறது. அதற்கும் மிஞ்சினால்தான் கடல்.

நல்ல மழை வருடத்தில் மிஞ்சும். அப்போது ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையில் கலக்கிறது. ஊரின் பெயரே ஆற்றங்கரை! அதற்கருகில் இருக்கும் அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலிருந்து அகழாய்வு செய்து ரோமானியக் காசுகளையும் வெளிநாட்டுப் பானை ஓடுகளையும் எடுத்திருக்கிறது. வைகை முகத்துவாரம் ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்தது.

ஆத்துக்கும் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம்? கண்மாய் மழைத்தண்ணிக்குத்தானே?

இந்த ஒன்று புரிந்துவிட்டால் வைகை புரிந்துவிடும். மதுரை கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல்வரை கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் இறக்கம். இவ்வளவு மெல்லிய சரிவில் பெரிய அணை கட்ட முடியாது. ஆனால் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை போட்டால் போதும், மேலே தண்ணீர் விரிந்து நிற்கும். அதுதான் கண்மாய்.

ஆற்றிலிருந்து வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும். மடை வழியாக வயலுக்குப் போகும். நிறைந்தால் கலுங்கில் வழிந்து மறுகால் பாயும். அந்த மறுகால்தான் கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்கு வரத்து. இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாகச் சங்கிலி. சில நாள் வெள்ளத்தைப் பல மாதத் தண்ணீராக மாற்றும் ஏற்பாடு இது. அணை வருவதற்கு முன்பே இருந்த இந்தப் பாசனத்தைத்தான் பொதுப்பணித் துறையில் ‘வைகை பூர்வீகப் பாசனம்’ என்கிறார்கள். பூர்வீகப் பங்கில் 12-இல் 7 ராமநாதபுரத்துக்கு. ஆற்றின் வால்பகுதிக்குத்தான் பெரிய பங்கு என்பதைக் கவனியுங்கள்.

சங்கிலியில் நடுவே ஒரு கண்மாயைத் தூர்த்து வீடு கட்டினால் அந்த ஒரு கண்மாயோடு சேதம் நிற்காது. மேலே இருக்கும் கண்மாயின் மறுகால் போக இடமில்லாமல் தெருவுக்குள் வரும். கீழே இருக்கும் கண்மாய்க்கு வரத்தே நின்றுவிடும். ஒரே மழையில் ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் வறட்சி.

கிருதுமால் நதின்னு ஒண்ணு இருந்துச்சாமே, அது வைகையோட கிளையா?

இப்போதும் இருக்கிறது. தினமும் தாண்டிப் போகிறவர்கள் அதை வாய்க்கால் என்று நினைக்கிறார்கள். நாகமலை அடிவாரத்துக் கண்மாய்களின் மறுகாலில் தொடங்கி, மதுரைக்குத் தெற்குப் பகுதியில் கூடலழகர் கோயில் பக்கமாக வந்து, தென்கிழக்கே போய்க் குண்டாற்றோடு சேர்கிறது. வைகை வெள்ளத்துக்கு ஒரு வடிகால்போல இருந்தது. போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தால் அது குண்டாற்று வடிநிலம். மதுரை நகரமே இரண்டு வடிநிலங்களின் எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. கோயிலுக்குத் தெற்கே பெய்யும் மழை எல்லாம் வைகைக்குத்தான் வரும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவு காய்ஞ்ச ஆத்துல வெள்ளம் எப்படி வரும்?

வந்திருக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் முழுக்க வைகைக்கரை உடைந்த கதைதான். பரிபாடலில் கிடைத்திருக்கும் வையைப் பாடல்கள் புதுவெள்ளத்தைக் கொண்டாடுகின்றன. 1993 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்றும் மதுரையில் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவத்தில் தேனியில் இரண்டு பள்ளத்தாக்கிலும், கொடைக்கானல் சரிவிலும் ஒரே இரவில் மழை பெய்தால் எல்லாத் துணையாறும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அணை ஏற்கெனவே நிறைந்திருந்தால் வருவதை அப்படியே விட வேண்டியதுதான். காய்ந்த படுகைக்குள் கட்டுகிறவர்கள் அந்த இரவைக் கணக்கில் எடுப்பதில்லை.

கீழடி ஆத்தங்கரை நாகரிகம்கிறாங்க. அங்க போனா ஆத்தையே காணோமே?

தென்னந்தோப்புக்கு நடுவே நிற்கும்போது ஆறு தெரியாது, ஆனால் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. சமவெளியில் ஆறு ஒரே இடத்தில் கிடப்பதில்லை. ஆற்றை ஒட்டி, வெள்ளம் ஏறாத மேட்டில் ஊர் அமைப்பதுதான் வழக்கம். கீழடி தனியாக அகப்பட்ட ஊரும் இல்லை. மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டுவதற்கு முன் வைகைப் பள்ளத்தாக்கு நெடுகிலும் தேடியபோது 293 இடங்களில் பழைய தடயங்கள் கிடைத்தன.

எங்க ஊர் எந்த வடிநிலத்துல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வரைபடம் இல்லாமலே முடியும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் உங்கள் ஊர்க் கண்மாயின் கலுங்குக்குப் போங்கள். மறுகால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அதன் கூடவே நடங்கள். அடுத்த கண்மாய், அதன் கலுங்கு, அடுத்த மறுகால். நடக்க முடியாவிட்டால் ஊரில் மடை திறக்கிற மடைக்குடும்பனைக் கேளுங்கள், ராமநாதபுரம் பக்கம் நீர்ப்பாய்ச்சி என்பார்கள். எந்தத் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

என் மாணவி ஒருத்தி இப்படித் தன் தாத்தாவோடு நடந்து, ஐந்து கண்மாய் தாண்டி, தங்கள் ஊர் வைகையில் இல்லை, குண்டாற்றில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வந்தாள். கையால் வரைந்த படத்தில் ஒவ்வொரு கலுங்கிலும் ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள். நான்காவது கண்மாயில் அம்புக்குறி நேராக ஒரு வீட்டுமனைக்குள் போயிற்று. அங்கே தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். “ரோட்டு மேலேயே போகுது சார்” என்றாள்.